பட்டம் வாங்காத பழைய மாணவர்



சந்திப்பு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்திலிருந்து போன் வந்தபோது, மெஷின் ரிப்பேர் பற்றிக் கேளுங்கள் சொல்கிறேன், எழுத்தெல்லாம் நமக்கு வராது என்றுதான் சொன்னேன். விடவில்லை. பெரிய மனிதர் ஒருவருடைய வாழ்க்கையை எழுது, படிக்கிற பசங்களுக்கு உபயோகமாக இருக்கும் என்றார்கள். சரி என்று ஒத்துக்கொண்டேன். ஆனால் என் மனதில் வந்த பெரிய மனிதரோ ஒரு விஷயத்தில் நம் மலருக்குக் கொஞ்சமும் பொருந்தாதவர். நாமெல்லாம் பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர்கள். அவர் கல்லூரியில் படித்தும் பட்டம் வாங்காமல் வெளியே வந்தவர்!

அவரைப் பற்றி எனக்குத் தெரியவந்ததே ஒரு ரயில் பயணத்தில்தான். சேவூரிலிருந்து அவிநாசி வந்து, திருப்பூரில் ரயிலேறி டெல்லிப் பக்கம் வேலையாகப் போயிருந்தேன். விஜயவாடா தாண்டி, கம்மமும் தாண்டிய பிறகு டோர்னக்கல் என்று ஒரு சந்திப்பு வரும். நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போகும் பாதை பிரிகிற இடம். எங்கள் வண்டி அங்கே நிற்காமல் போனது. எதிரே உட்கார்ந்திருந்த தெலுங்குப் பெரியவர், நான் தமிழ் ஆள் என்று தெரிந்ததும், இந்த ஊருக்கு உங்கள் ஊர்க்காரர் ஒருவர் வந்து வாழ்ந்து இங்கேயே மண்ணாகிப் போனார், தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஊருக்கு வந்து தேடிப் படித்தேன். வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஆங்கிலிக்கன் திருச்சபையில் இந்தியர்களிலிருந்து வந்த முதல் பேராயர்.

மதத் தலைவரைப் பற்றி நம் மலரில் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நானும் அந்த மதத்தைச் சேர்ந்தவன் இல்லை. அவரிடம் நான் கற்றுக்கொண்டது நன்றி என்கிற ஒரே விஷயம். அது எல்லோருக்கும் பொது.

பனங்காட்டு ஊரில் பிறந்தவர்

இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில், திருச்செந்தூர்ப் பக்கம் வெள்ளாளன்விளை என்ற சிற்றூர். பனைமரமும் செம்மண் தேரியுமான பூமி. அங்கே 1874 ஆகஸ்ட் 17-ல் பிறந்தார். அப்பா தாமஸ் வேதநாயகம், அந்த ஊர்ச் சபையின் குருவானவர். அம்மா எலன். ஆண் பிள்ளைக்காக ரொம்ப காலம் காத்திருந்து பிறந்ததால், வேதாகமத்தில் அன்னாள் கேட்டுப் பெற்ற பிள்ளையின் பெயரான சாமுவேல் என்பதை வைத்தார்கள்.

அப்பா பிறவிக் கிறிஸ்தவர் அல்ல. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, பிறகு அந்த மதத்துக்குப் போனவர். நாடார் சமுதாயத்தைக் கோயிலுக்குள் விடாமல், பல விதத்திலும் ஒதுக்கி வைத்திருந்த காலம் அது. அப்படிப்பட்ட காலத்தில் யாரோ கடல் தாண்டி வந்து ஒரு பள்ளிக்கூடம் போட்டார்கள், அதில் தன் குடும்பம் எழுத்துக் கற்றுக்கொண்டது. இந்தக் கணக்கு அந்த வீட்டில் மறக்கப்படவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பிற்காலத்தில் மகன் செய்ததையெல்லாம் பார்த்தால், பழைய கடன் ஒன்றை வட்டியோடு கட்டுகிற மாதிரியே இருக்கிறது.

அப்பா சீக்கிரமே காலமாகிவிட்டார். மெஞ்ஞானபுரம், திருநெல்வேலி என்று படித்துவிட்டு, மேற்படிப்புக்குச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்கு வந்தார். அந்தக் கல்லூரி அப்போது தாம்பரத்தில் இல்லை, ஜார்ஜ் டவுனில் இருந்தது. 1937-ல்தான் தாம்பரம் போனது. நன்றாகப் படிக்கிற மாணவர்தான். ஆனால் இறுதித் தேர்வு நேரம் பார்த்து உடம்புக்கு முடியாமல் போய்விட்டது. பட்டம் கைக்கு வரவில்லை.

அந்தக் காலத்தில் பி.ஏ. என்றால் எவ்வளவு பெரிய விஷயம்! அரியர் வைத்த நம் நண்பர்களுக்கு அந்த வலி புரியும். அவர் திரும்பிப் போய் எழுதவில்லை. 1895-லேயே ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். ஊர் ஊராகப் போய் இளைஞர்களைச் சந்திப்பது, சங்கம் அமைப்பது, பேசுவது. 1909 வரை அந்த வேலை. ஷெர்வுட் எடி என்ற அமெரிக்க இளைஞர் அங்கேதான் நண்பரானார். எடி தமிழ் கற்றுக்கொண்டு நம் ஊர்களில் தமிழிலேயே பேசியவர். வெள்ளைக்காரரும் இந்தியரும் ஒரே பந்தியில் உட்காருவதே அபூர்வமான அந்தக் காலத்தில் இருவரும் உயிர் நண்பர்கள். இந்த நட்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

1898-ல் அன்பு மரியம்மாளைத் திருமணம் செய்தார். தென்னிந்தியாவில் கல்லூரிப் படிப்பு வரை போன முதல் சில கிறிஸ்தவப் பெண்களில் அந்த அம்மாவும் ஒருவர்.

யாழ்ப்பாணத்தில் விழுந்த அடி

1902-ல் வேலை நிமித்தமாக யாழ்ப்பாணம் போனார். அங்கே அவர் பார்த்தது அவரைத் தூங்கவிடாமல் செய்துவிட்டது. யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசைப் போட்டு இந்தியாவுக்கு ஊழியர் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சின்னத் தீவுப்பகுதி, அவர்களும் பெரிய பணக்காரர்கள் இல்லை. திருநெல்வேலியிலோ ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மூன்று தலைமுறையாக வெளிநாட்டார் உதவியில் படித்து வந்தவை. வாங்கிக்கொண்டே இருக்கிறோமே, நாம் யாருக்காவது கொடுத்திருக்கிறோமா? இதுதான் அவருக்குள் எழுந்த கேள்வி.

நன்றி என்றால் நாம் என்ன நினைக்கிறோம்? கொடுத்தவரைப் பார்த்ததும் எழுந்து நிற்பது, பேரைக் கல்லில் வெட்டி வைப்பது, ஆண்டு விழாவில் மாலை போடுவது. இதெல்லாம் தப்பில்லை. ஆனால் அசரியா யோசித்தது வேறு திசையில். உனக்குக் கிடைத்தது நல்லது என்று நிஜமாகவே நம்பினால், அது கிடைக்காத இன்னொருவனுக்குப் போய்க் கொடு. அதுதான் நன்றி. கொடுத்தவர் பக்கம் திரும்பி நிற்பதைவிட, கிடைக்காதவர் பக்கம் திரும்பி நட.

ஊருக்குத் திரும்பியதும் சும்மா இருக்கவில்லை. 1903 பிப்ரவரி 12-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. அதன் விதி எளிமையானது. ஆளும் இந்தியர், பணமும் இந்தியருடையது, நிர்வாகமும் இந்தியரே. வெளிநாட்டுக் காசு ஒரு பைசா வேண்டாம். ஊழியம் செய்ய அவர்கள் தேர்ந்தெடுத்த இடம்தான் ஹைதராபாத் நிஜாம் ராஜ்யத்தில் இருந்த டோர்னக்கல் பகுதி. இப்போது தெலங்கானா. 1905 டிசம்பர் 25-ல், வங்காளத்தில் செராம்பூரில், வில்லியம் கேரி நடத்திய கல்லூரியின் நூலகத்தில் பல பிரதேசத்தாரும் கூடி தேசிய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். அதற்கும் அசரியாதான் முதல் பொதுச் செயலாளர். சேலத்தில் பிறந்த கே.டி. பாலும் அதில் முக்கியமானவர்.

அடுப்படியில் நடந்த ஆயத்தம்

சங்கம் ஆரம்பிப்பது சுலபம். நாமும்தான் ஆரம்பித்திருக்கிறோம்! நடத்துவதற்குப் பணம்? பனையேறிகள், சிறு விவசாயிகள், சம்பளம் குறைந்த ஆசிரியர்கள். இவர்களிடம் எங்கே பணம் இருக்கும்?

இங்கேதான் கைப்பிடி அரிசி வருகிறது. திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவப் பெண்கள், உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவிடுவார்கள். அந்தக் கலயம் நிறைந்ததும் கோயிலுக்குப் போகும். அங்கே விற்றுக் காசாக்குவார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் அம்முச்சி ஞாபகம்தான் வந்தது. சேவூரில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பானை இருக்கும். தினமும் ஒரு பிடி அரிசி அதில் விழும். சித்திரையில் அவிநாசித் தேர் வரும்போது அன்னதானத்துக்கு அது போகும். வீட்டில் அரிசி குறைவாக இருக்கிற நாளிலும் அந்தப் பிடி தவறாது. ஏன் அம்முச்சி என்று கேட்டால், நமக்கு உலை கொதிக்குதில்ல கண்ணு என்பதோடு முடித்துக்கொள்ளும். காஞ்சிப் பரமாச்சாரியாரும் பிடி அரிசித் திட்டம் என்று வீடுகளுக்குச் சொன்னவர்தான். வடகிழக்கே மிசோரமில் பெண்கள் இதே கைப்பிடி அரிசியை வைத்தே நூறு வருஷத்துக்கு மேலாகத் தங்கள் சபைக்கு நிதி சேர்த்து வருகிறார்கள். மதம் வேறு, ஊர் வேறு, பானை ஒன்றுதான்.

நாம் இன்ஜினியர்கள், கணக்குப் போட்டுப் பார்க்காமல் விடமாட்டோம். ஒரு பிடி 50 கிராம் என்று வையுங்கள். இரண்டு வேளைக்கு 100 கிராம். மாதம் 3 கிலோ. நூறு வீடு இருக்கிற ஊரில் மாதம் 300 கிலோ. ஒரு பள்ளிக்கூட வாத்தியாரை வைத்துக்கொள்ளத் தாராளமாகப் போதும். எந்தப் பணக்காரர் வீட்டு வாசலிலும் போய் நிற்க வேண்டியதில்லை.

ஆனால் கணக்கில் வராத ஒன்று இதில் இருக்கிறது. பண்டிகைக்கு ஒரு நாள் கொடுப்பவனுக்கு அன்றைக்கு ஒரு நாள்தான் ஞாபகம் இருக்கும். தினம் இரண்டு வேளை பிடி அரிசி எடுத்து வைக்கிற கைக்கு, தினம் இரண்டு வேளை ஞாபகம் வரும். இன்றைக்கும் நமக்குச் சோறு இருக்கிறது என்று ஒன்று. இல்லாதவர் ஒருவர் இருக்கிறார் என்று இன்னொன்று. வெளியூருக்கு ஊழியம் செய்யப் போகிறவர் பெட்டி கட்டுவதற்கு முன்னாலேயே, அவரை அனுப்புகிறவர்கள் அடுப்படியில் தயாராகிவிட்டார்கள்.

அனுப்பியவரே கிளம்பினார்

இதற்கிடையில் அசரியாவை ஒரு கேள்வி அரித்துக்கொண்டிருந்தது. ஊர் ஊராகப் போய் இளைஞர்களைப் பார்த்து, வசதியை விட்டுவிட்டு வாருங்கள், தெலுங்கு நாட்டுக்குப் போங்கள் என்று பேசுகிறோம். நாம் ஏன் போகவில்லை?

நல்ல பதவி, நாடு முழுக்கப் பெயர், மெட்ராஸில் குடும்பம், குழந்தைகள். வயது முப்பதைத் தாண்டியாச்சு. நம்மில் பலருக்கு இதே வயதுதான். வீட்டு லோன், பிள்ளைகள் ஸ்கூல் என்று நாம் கணக்குப் போடுகிற வயதில், அவர் அதையெல்லாம் விட்டுக் கிளம்பினார். மெட்ராஸ் பேராயர் ஹென்றி ஒயிட்ஹெட் அவரை 1909 ஜூனில் உதவி குருவாகவும், அதே வருஷம் டிசம்பரில் குருவாகவும் அபிஷேகம் செய்தார். (கணிதத்தில் ஆர்வம் உள்ளவர்களுக்கு ஒரு துணுக்கு: இந்தப் பேராயர், ஆல்பிரட் நார்த் ஒயிட்ஹெட் என்ற பெரிய கணித மேதையின் அண்ணன்.)

டோர்னக்கலில் அவர் இறங்கியபோது பங்களா எதுவும் காத்திருக்கவில்லை. ஆரம்பத்தில் கூடார வாழ்க்கை. போகிற இடமெல்லாம் மாட்டு வண்டி. எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை, தெலுங்கு படிப்பது. மேடையில் ஆயிரம் பேரைக் கட்டிப்போட்ட பேச்சாளர், முப்பத்தைந்து வயதில் சின்னப் பிள்ளை மாதிரி அ, ஆ என்று தொடங்கினார். தப்பாகப் பேசினால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கூலி வேலை செய்கிற மாலா, மாதிகா சமூகத்து மக்கள்தான் அவருக்கு வாத்தியார்கள். கொடுக்க வந்தவர் முதலில் வாங்க வேண்டியிருந்தது. மிஷனரிக்கு இதைவிட நல்ல ஆயத்தம் வேறு கிடையாது என்று நினைக்கிறேன்.

இந்த இடத்தில் நம்ம ஊரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. நம் பனியன் கம்பெனிகளில் இன்றைக்கு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பசங்கள் எத்தனை பேர்! ஓவர்லாக்கிலும் செக்கிங்கிலும் வருஷக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் தட்டுத் தடுமாறித் தமிழ் கற்றுக்கொண்டார்கள். நாம் அவர்கள் பாஷையில் சாப்பிட்டாயா என்று கேட்கவாவது கற்றோமா? நான் கற்கவில்லை. இந்தக் கட்டுரைக்காக இவரைப் படித்த பிறகுதான் உறைத்தது.

எடின்பரோவில் ஒரு பேச்சு

1910 ஜூன் மாதம். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு. சுமார் 1200 பிரதிநிதிகள். ஆசியாவிலிருந்து வந்தவர்கள் இருபது பேர்கூட இல்லை. அதில் ஒருவராக அசரியாவும் மேடையேறினார்.

அவரிடம் எல்லோரும் எதிர்பார்த்தது ஒரு நன்றியுரை. நீங்கள் வந்தீர்கள், எங்களுக்கு வெளிச்சம் கொடுத்தீர்கள் என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டு இறங்குவார் என்று நினைத்திருப்பார்கள். அவர் நன்றியும் சொன்னார். மிஷனரிகள் செய்த தியாகத்தை, கொடுத்த பொருளை, இந்திய மண்ணில் விட்ட உயிரை, ஒன்றையும் குறைத்துச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு மனதில் இருந்ததையும் பட்டென்று சொல்லிவிட்டார். எங்களோடு வேலை செய்கிறீர்கள், ஆனால் எங்களிடமிருந்து விலகி நிற்கிறீர்கள். மேலிருந்து கீழே கொடுக்கிற அன்பு நட்பு ஆகாது. எங்களுக்கு இன்னும் தேவைப்படுவது உங்கள் காசு இல்லை, நண்பர்கள். இதுதான் அந்தப் பேச்சின் சாரம்.

சபையில் ஒரு பக்கம் கைதட்டல், ஒரு பக்கம் முகச்சுளிப்பு. உதவி வாங்கியவன் இப்படிப் பேசலாமா என்று கேட்டவர்களும் உண்டு. ஆனால் அந்த மாநாட்டில் பேசப்பட்ட எத்தனையோ பேச்சில், நூறு வருஷம் தாண்டியும் உலகம் ஞாபகம் வைத்திருப்பது இதைத்தான்.

எடியைப் பற்றி முன்னாலேயே சொன்னேனே, அது இதற்காகத்தான். நட்பு என்றால் என்ன என்று ருசி கண்டவரால்தான் அது இல்லாத இடத்தைக் காட்ட முடியும். நன்றி இருக்கிறவன் வாய் திறக்கக் கூடாது என்று நாம் நினைக்கிறோம். அசரியா வேறு மாதிரி. நன்றி இருந்ததால்தான் உண்மையைச் சொன்னார்.

டோர்னக்கல் முப்பத்திரண்டு வருஷம்

1912 டிசம்பர் 29-ல் கல்கத்தா புனித பவுல் பேராலயத்தில் அவரைப் பேராயராக அபிஷேகம் செய்தார்கள். வயது 38. ஒரு கறுப்பு மனிதர் கையால் வெள்ளைக்காரக் குருமார் அபிஷேகம் பெறுவதா என்ற முணுமுணுப்பு இந்தியாவிலும் இங்கிலாந்திலும் இருந்தது. அவர் காதில் போட்டுக்கொள்ளாமல் மாட்டு வண்டியில் கிராமங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

அவர் சேர்ந்தபோது கையில் இருந்த இந்தியக் குருமார்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். முப்பதுகளின் நடுவில் 200 பேருக்கு மேல், கிராமத்து ஆசிரியர்கள் 2000 பேர் அளவுக்கு வந்துவிட்டார்கள். சபை மக்கள் 2 லட்சத்தைத் தாண்டினார்கள். அழுக்கு, நோய், கடன், குடி இந்த நாலும்தான் கிராமத்தைப் பிடித்த பிசாசுகள் என்று சொல்லி, அவற்றை ஓட்டப் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, விவசாயப் பயிற்சி என்று வேலை நடந்தது. மாலாவும் மாதிகாவும் ஒருவர் கைத் தண்ணீரை ஒருவர் குடிக்காத காலம். கோயிலுக்குள் பாத்திரம் ஒன்றுதான், பந்தியும் ஒன்றுதான் என்பதில் அவர் கறாராக இருந்தார்.

கைப்பிடி அரிசியை அங்கேயும் கொண்டுபோனார். தானியமாகக் கூலி வாங்குகிற மக்களிடம் காணிக்கை கேட்கலாமா என்று தயங்கியவர்கள் இருந்தார்கள். அவர் தயங்கவில்லை. ஏழை என்பதற்காகக் கொடுக்கிற உரிமையை அவனிடமிருந்து பறிக்காதே என்பது அவர் கட்சி. வாங்கிக்கொண்டே இருக்கிறவன் தலை நிமிராது, ஒரு பிடியாவது கொடுத்தவன் நிமிர்ந்து நடப்பான். அறுப்புக் காலத்தில் பண்டிகை வரும். சோளம், நெல், கோழி, பூசணிக்காய் என்று தலையில் சுமந்து வந்து கோயிலில் வைப்பார்கள். கொடுப்பதைப் பற்றி அவர் தனியாக ஒரு புத்தகமே எழுதினார்.

எல்லோரும் அவரை ஏற்றுக்கொண்டார்கள் என்று சொன்னால் அது பொய். மதம் மாற்றும் வேலையைக் காந்தியடிகள் கடுமையாக எதிர்த்தார். 1930-களில் இருவருக்கும் இதில் பெரிய கருத்து வேறுபாடு. எந்தச் சாமியைக் கும்பிடுவது என்று முடிவெடுக்க ஏழைக்கும் உரிமை உண்டு என்பது அசரியாவின் வாதம். இன்றைக்கும் முடியாத விவாதம் இது, நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் அதே அசரியா, கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி வேண்டும் என்ற கோரிக்கையை எதிர்த்தார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சலுகையில் தனியாக ஒதுங்குவது அவருக்குப் பிடிக்கவில்லை.

டோர்னக்கலில் அவர் கட்டிய பேராலயம் 1939 ஜனவரி 6-ல் பிரதிஷ்டை ஆனது. கட்டி முடிக்க வருஷக்கணக்கில் ஆனது. கோபுரமும் குவிமாடமும் தூண்களுமாக, இந்து, இஸ்லாமிய, கிறிஸ்தவக் கட்டடக் கலை மூன்றும் கலந்த கட்டடம். பிடி அரிசி கொடுத்த மக்களுக்கு அது தங்கள் வீடு மாதிரி.

பட்டம் வாங்காதவர் என்று தொடங்கினேன். 1920-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அதை அவர் தலையில் வைத்துக்கொண்டு ஆடியதாக எங்கும் படிக்கவில்லை. பிரிந்து கிடந்த சபைகளை ஒன்றாக்க 1919-ல் தரங்கம்பாடியில் கூடிய கூட்டத்திலிருந்து கடைசி வரை பாடுபட்டார். அதன் பலனாகத் தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27-ல் உருவானது. பார்க்க அவர் இல்லை. 1945 ஜனவரி 1-ல், புத்தாண்டு தினத்தில், டோர்னக்கலிலேயே காலமானார்.

நம் சங்கத்துக்கு ஒரு வார்த்தை

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன்.

நான் பிளஸ் டூ படித்தபோது ஒரு அமைப்பு எனக்கு நோட்டுப் புத்தகமும் கொஞ்சம் பணமும் கொடுத்தது. மேடைக்குக் கூப்பிட்டு, மைக்கில் என் அப்பாவின் கூலி எவ்வளவு என்று படித்து, போட்டோ எடுத்துக் கொடுத்தார்கள். நல்ல மனதோடுதான் செய்தார்கள். ஆனால் அந்த போட்டோவை எங்கள் வீட்டில் யாரும் மாட்டவில்லை.

இந்தக் கல்லூரியில் மூன்றாவது செமஸ்டர் கட்டணம் கட்ட முடியாமல் நின்றபோது, நம் சீனியர் ஒருவர் கட்டினார். யார் என்று ஆபீசில் சொல்லவில்லை. ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் அந்த அண்ணன் பல தடவை ஹாஸ்டலுக்கு வந்திருக்கிறார், என்னோடு கேன்டீனில் டீ குடித்திருக்கிறார், மெஷின் டிராயிங் சொல்லிக் கொடுத்திருக்கிறார். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. தெரிந்தபின் நன்றி சொல்லப் போனேன். எனக்கும் ஒருவர் கட்டினார், நீயும் ஒருவனுக்குக் கட்டு, கணக்கு அங்கே முடியும் என்று அனுப்பிவிட்டார். அந்த அண்ணன் அசரியாவைப் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் இரண்டு பேரும் ஒரே பாடத்தைத்தான் நடத்தினார்கள்.

நம் சங்கம் இப்போது பல மாணவர்களுக்குக் கட்டணம் கட்டுகிறது. ரொம்ப சந்தோஷம். அதோடு மூன்று விண்ணப்பம். வாங்குகிற தம்பி தங்கையை மேடையில் நிறுத்த வேண்டாம். பணத்தோடு நின்றுவிடாமல், ஒவ்வொருவருக்கும் நம்மில் ஒருவர் நண்பராக இருப்போம், மாதம் ஒரு போனாவது செய்வோம். மூன்றாவது, உதவி வாங்குகிறவரும் கொடுக்க ஒரு வழி வைப்போம். ஜூனியருக்கு ஒரு மணி நேரம் கணக்குச் சொல்லிக் கொடுத்தால் அதுவும் ஒரு பிடி அரிசிதான்.

வருஷத்துக்கு ஒருமுறை சந்திப்பில் பெரிய தொகை அறிவிப்பதைவிட, மாதாமாதம் சம்பளம் வந்த அன்றைக்கே ஒரு பிடி எடுத்து வைப்பது நல்லது என்பது என் கருத்து. சின்னத் தொகையாக இருக்கட்டும், தவறாமல் இருக்கட்டும். எங்கள் அம்முச்சியின் பானை இப்போதும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அரிசிக்குப் பதில் நான் அதில் ரூபாய் போடுகிறேன். இந்த வருஷச் சந்திப்புக்கு வரும்போது அதைக் கொண்டு வருவேன்.

தம்பி தங்கைகளே, உங்களில் சிலருக்கு இந்த வருஷம் ரிசல்ட் சரியாக வராமல் போயிருக்கலாம். தேர்வே எழுத முடியாமல் போன ஒரு மாணவர்தான், ரயில் நிற்காமல் போகிற ஒரு ஊரில் இறங்கி, அந்த ஊர் பாஷையைக் கற்று, வாங்கிய கடனைத் தன் வாழ்நாள் முழுக்கக் கட்டினார் என்பதை மறக்க வேண்டாம்.

எல்லோரையும் சந்திப்பில் பார்ப்போம். வாழ்க நம் கல்லூரி, வளர்க நம் நட்பு!

இப்படிக்கு,
உங்களில் ஒரு பழைய மாணவன்,
சேவூர்